கரும்பில் ஓடிய கார்கள்: பிரேசில் சொல்லும் கணக்கு

"பெட்ரோலுக்கு மாற்று வந்தாச்சு, இனிக் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குப் பிரேசில்தான் ஞாபகம் வரும். ஒரு நாடே கரும்பை நம்பிக் கார் ஓட்டிய கதை அது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. தேவையில் சுமார் 80 சதவீதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்த பிரேசில் ஆடிப்போனது. 1975-ல் சர்க்கரை விலையும் சரிந்தது. எண்ணெய் வாங்கக் காசில்லை, கரும்பை விற்க ஆளில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தாக, அந்த வருட நவம்பரில் ராணுவ அரசு 'புரோஆல்கூல்' திட்டத்தை அறிவித்தது.

ஆலைகளுக்கு மலிவு வட்டியில் கடன், எத்தனாலுக்கு அரசே கொள்முதல் உத்தரவாதம், பம்பில் பெட்ரோலை விடக் குறைந்த விலை. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது. 1980களின் நடுவில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார்தான்!

அப்புறம்தான் சிக்கல். 1986-ல் கச்சா எண்ணெய் விலை பாதியாக விழுந்தது. மானியம் அரசுக்குச் சுமையானது. கொஞ்ச நாளில் சர்க்கரை விலை ஏற, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989-ல் பம்புகளில் எத்தனால் இல்லை. அரசை நம்பிக் கார் வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் எத்தனால் கார் விற்பனை ஏறக்குறைய நின்றே போனது.

எங்கள் வணிகவியல் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோமே, அதுதான் இது. கரும்பு எரிபொருளாவதா சர்க்கரையாவதா என்பதை அரசாணை மட்டும் முடிவு செய்வதில்லை, சந்தை விலையும் முடிவு செய்கிறது.

2003-ல் பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் கார்கள் வந்த பிறகுதான் திட்டத்துக்கு மறுஉயிர் கிடைத்தது. காரணம் எளிது. விலை மாறினால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க, கார் வைத்திருப்பவருக்கும் ஒரு வழி கிடைத்தது.

ஆனால் அளவைப் பாருங்கள். பரந்த நிலம், நல்ல மழை, சக்கையை எரித்தே ஓடும் ஆலைகள் என எல்லாம் இருந்தும் எத்தனால் பெட்ரோலின் இடத்தில் ஒரு பகுதியைத்தான் பிடித்தது. லாரிகள் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. எண்ணெய் இறக்குமதியை நம்பியிருந்த நிலை மாறியதற்குக் கரும்புக்காட்டை விட ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளே பெரிய காரணம்.

அதனால் உயிரி எரிபொருள் வீண் என்று நான் சொல்லவில்லை. இலையில் அது நல்ல பொரியல், ஆனால் சோறு அல்ல. இவ்வளவு வசதியிருந்த பிரேசிலுக்கே இதுதான் கணக்கு என்றால், நிலமும் தண்ணீரும் குறைவான நாடுகள் எந்த நம்பிக்கையில் பெரிய இலக்கு வைக்கின்றன? நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.