விக்டோரியா (பெண்பால் பெயர்)

விக்டோரியா: இலத்தீன் வழிவந்த பெண்பால் பெயர், பொருள் 'வெற்றி'. ரோமானியரின் வெற்றித் தெய்வத்துக்கும் இதுவே பெயர். கிரேக்கரின் நிக்கே தெய்வத்துக்கு அவள் இணை. ரோமின் செனட் அவையில் இருந்த அவளது பலிபீடத்தைக் கி.பி. 382இல் பேரரசர் கிராஷியன் அகற்றினார். ஆண்பால் வடிவமான விக்டர், தொடக்கக் காலக் கிறித்தவர்களிடம் பரவலாக இருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரில் ஒரு போப்பாண்டவரும் இருந்தார்.

இத்தாலியில் வித்தோரியா, பிரான்சில் விக்துவார் என வழங்கிய இப்பெயர் இங்கிலாந்தில் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1819இல் பிறந்து பின்னாளில் விக்டோரியா அரசியான இளவரசிக்கு முதற்பெயர் அலெக்சாண்ட்ரினா; ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் ஞானத்தந்தை என்பதால் வந்தது. ஜெர்மானியரான தாயின் பெயரே இரண்டாவதாக அமைந்தது. பட்டத்துக்கு வரப்போகிறவருக்கு இப்படியொரு அந்நியப் பெயரா என்று அக்காலத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவரோ 1837இல் அரியணை ஏறியதும் முதற்பெயரை விட்டுவிட்டார். 1901 வரை நீண்ட அவரது ஆட்சியில், குழந்தைகளைவிட இடங்களுக்கும் கட்டடங்களுக்கும்தான் இப்பெயர் தாராளமாகச் சூட்டப்பட்டது எனலாம்: ஆப்பிரிக்காவின் ஏரி, அருவி, ஆஸ்திரேலிய மாநிலம், சென்னையின் விக்டோரியா பொது மண்டபம்.

சுருக்க வடிவங்கள்: விக்கி, டோரி. 1977இல் பிறந்த சுவீடன் பட்டத்து இளவரசியின் பெயரும் விக்டோரியாவே.