பதிவு நீங்கினாலும் நீங்காத தடை: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் ஒரு சிக்கல்

அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது 1968ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அவர் ஒருநாள்கூடச் சிறையில் இருந்திருக்க வேண்டியதில்லை; அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சத் தண்டனையே அளவுகோல். சில வணிகக் குற்றங்களுக்கும், இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள மாநிலச் சிறுகுற்றங்களுக்கும் மட்டுமே விலக்கு. தடைக்குக் கால எல்லை கிடையாது. மீறினால் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 15 ஆண்டு வரை சிறை. 1938இல் வன்முறைக் குற்றவாளிகளை மட்டும் குறிவைத்த தடை 1961இல் மற்றக் கடுங்குற்றங்களுக்கும் விரிந்தது. இன்று பொய்க் கணக்கு எழுதியவரும் கொள்ளையடித்தவரும் அதன் முன் ஒன்றுதான்.

பல ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவரின் பழைய குற்றப்பதிவை நீக்க மாநிலங்கள் வழி வைத்திருக்கின்றன. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அது பயன்படுகிறது. துப்பாக்கி உரிமையும் அதோடு திரும்பிவிடுமா என்பதற்குத்தான் ஒரே விடை இல்லை.

1983இல் உச்ச நீதிமன்றம் திரும்பாது என்றது. துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றத்தை அயோவா மாநிலத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார். நன்னடத்தைக் காலம் முடிந்ததும் அவர் பதிவு நீக்கப்பட்டது. பின்னர் அவர் தலைமை வகித்த தென் கரோலினா நிறுவனத்தின் துப்பாக்கி வணிக உரிமம் அந்தப் பழைய வழக்கால் பறிபோனது. மாநிலம் எதை நீக்கினாலும் கூட்டரசுச் சட்டத்தை அது கட்டுப்படுத்தாது என்று ஐவர் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள்.

இதற்கு நாடாளுமன்றமான காங்கிரஸ் 1986இல் திருத்தத்தால் பதில் சொன்னது. எது தண்டனைத் தீர்ப்பு என்பதை வழக்கு நடந்த மாநிலத்தின் சட்டமே முடிவு செய்யும். நீக்கப்பட்ட, ரத்தான, மன்னிக்கப்பட்ட தீர்ப்புகள் கணக்கில் வரா. குடிமை உரிமைகள் திரும்பக் கிடைத்தவருக்கும் அதே விதி. ஆனால் கடைசியில் ஒரு நிபந்தனை: துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அந்த நீக்கமோ மன்னிப்போ உரிமை மீட்போ வெளிப்படையாகச் சொன்னால் விலக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் நன்னடத்தைக்குப் பின் வழக்கைத் தள்ளுபடி செய்யும் சட்டப்பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேலைக்கு உதவும் அந்த ஆணை துப்பாக்கிக்கு உதவாது.

நிதானமாக யோசித்து உரிமையைத் திருப்பித் தர முயன்ற மாநிலங்கள்தான் இந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டன. மாசசூசெட்ஸ், தண்டனை முடிந்து ஐந்தாண்டு கழித்து நீள்துப்பாக்கிகளை அனுமதித்தது. கைத்துப்பாக்கியை வீட்டுக்கும் தொழிலிடத்துக்கும் வெளியே தடுத்தது. பகுதித் தடை இருந்தாலே கூட்டரசின் முழுத் தடையும் நிற்கும் என்று 1998இல் கேரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயோமிங் வேறு வழியில் போனது. கூட்டரசின் தடைக்கு உட்பட்ட வீட்டு வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்குத் துப்பாக்கி உரிமையை மீட்பதற்காக மட்டும் 2004இல் ஒரு பதிவு நீக்க முறையைக் கொண்டுவந்தது. பதிவு அழிக்கப்படவில்லை, மறுபடி குற்றம் செய்தால் தண்டனையைக் கூட்ட அதைப் பயன்படுத்தலாம். தீர்ப்பின் விளைவுகள் முழுதும் நீங்காததை நீக்கம் என்று ஏற்க முடியாது என 2008இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. பாதி கொடுத்தவருக்கும் இல்லை, துப்பாக்கியை மட்டும் கொடுத்தவருக்கும் இல்லை.

இன்னொரு வழியும் சட்டத்தில் உண்டு: பொதுப் பாதுகாப்புக்குக் கேடில்லாதவருக்குக் கூட்டரசே தடையை விலக்கலாம். ஆனால் அந்த மனுக்களைத் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். துறை பரிசீலிக்க 1992 முதல் காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை. வண்டியில் தோட்டாக்கள் இருந்ததற்காக மெக்சிகோவில் தண்டிக்கப்பட்ட டெக்சாஸ் வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மனுவைப் பாராமல் வைத்திருப்பது மறுப்பாகாது, ஆகவே நீதிமன்றம் தலையிட முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2025இல் நீதி அமைச்சகம் இந்த அதிகாரத்தை ஏ.டி.எஃப்.இடமிருந்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தது. முதலில் பயனடைந்த சிலரில் நடிகர் மெல் கிப்சனும் ஒருவர். ஆட்சியாளரின் விருப்பத்தில் திறந்த கதவு அடுத்த ஆட்சியில் மூடவும் கூடும்.

எதிர்த்தரப்பின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. மறுவாழ்வுக்காகப் பதிவை நீக்கும்போது இவர் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. தானாகவே பதிவு மறையும் ஏற்பாடுகளில் நீதிபதி அந்த நபரைப் பார்ப்பதுகூட இல்லை. வீட்டு வன்முறையில் பாதிக்கப்பட்டவருக்கு இது கற்பனைப் பயம் இல்லை.

இந்தக் கவலைக்கு விடை அண்மைத் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. 2024இல் ரஹிமி வழக்கில், பிறரது உடல் பாதுகாப்புக்கு மெய்யான அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை விலக்கலாம் என உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ரேஞ்ச் வழக்கில், 1995இல் உணவு உதவிக்காகப் பொய் சொன்ன பென்சில்வேனியாக்காரருக்கு ஆயுள் தடை செல்லாது என்றது மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒன்று தடையைக் காத்தது, மற்றது தளர்த்தியது. இரண்டிலும் ஆராயப்பட்டது அந்த மனிதரின் செயல்.

ஆகவே 1986ஆம் ஆண்டு விதி திருத்தப்பட வேண்டும். பதிவு நீக்க ஆணையில் துப்பாக்கி பற்றிய முடிவு தனியாக எழுதப்பட வேண்டும். அதற்கு முன் அரசு வழக்கறிஞருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பு அனுப்பி, குற்றத்தின் தன்மையையும் பின்வந்த ஆண்டுகளின் நடத்தையையும் நீதிபதி விசாரிக்க வேண்டும். அப்படி வரும் ஆணை பகுதியளவே அனுமதித்தாலும் அந்த அளவுக்குக் கூட்டரசு அதை ஏற்க வேண்டும். ஆணை, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ.யின் பதிவேட்டுக்கு உடனே போய்ச் சேரவும் வேண்டும். பதிவு திருத்தப்படாததால் கடை முகப்பில் மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து தன் நிலையை நிரூபிக்க வேண்டிய சுமை இன்று மனுதாரர் தலையில் விழுகிறது. இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டியது காங்கிரஸ். நிர்வாகத்தின் சலுகையாக விட்டுவைத்தால் 1992இல் நடந்ததே திரும்பவும் நடக்கலாம்.