ஒலிவட்டிலிருந்து கணினிக்கு

1982இல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுவட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகின்றன. தரவு வட்டுகளுக்குப் பின்னர் சேர்க்கப்பட்ட கூடுதல் பிழைதிருத்தம் இதில் கிடையாது. கீறல் பெரிதானால் இயக்கி விடுபட்ட இடத்தை ஊகித்து நிரப்பிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. நகலெடுப்பவருக்கோ அதுவே இழப்பு.

1998இல் செருமனியின் ஆந்திரே வீட்ஹாஃப் வெளியிட்ட 'எக்சாக்ட் ஆடியோ காப்பி', ஐயமுள்ள பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டது. லினக்சில் 'சிடிபாரனோயா' இதே வேலையைச் செய்தது. 2001இல் இழப்பில்லா 'பிளாக்' வடிவமும் வந்தபின், எம்பி3க்காக ஒலியைச் சுருக்கும் கட்டாயம் இல்லாமற்போயிற்று.

இரண்டு மூன்று படப் பாடல்களை ஒன்றாக அடைத்து வந்த பழைய தமிழ்த் திரையிசை வட்டுகள் பல மறுபதிப்புக் காணாதவை. அவற்றுக்கு வேகமான மென்பொருளைவிட மெதுவாகச் சரிபார்ப்பதே ஏற்றது. பாடற்பெயர்களை மட்டும் கையால் தட்டச்சிடுவது நலம். இணையத் தரவுத்தளங்களில் ஒரே பாட்டு மூன்று எழுத்துக்கூட்டலில் கிடக்கும்.