டிரெஸ்டன் நகரின் துயர நாள்



ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் இரவு 9.45 மணிக்கு, கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் அமைந்த டிரெஸ்டன் நகரின் தேவாலயங்களில் மணிகள் ஒலிக்கின்றன. 1945ஆம் ஆண்டில் இதே நாளில், இதே வேளையில்தான், பகைவரின் விமானங்கள் வருகின்றன என்னும் அபாயச் சங்கு அந்நகரில் ஊதிற்று. அந்த மணியோசையின்கீழ் நின்று துயரப்படும் உரிமை யாருக்கு உண்டு? யாரை நினைந்து துயரப்படுவது? இந்த வினாக்களுக்காக அந்நகர மக்கள் பல்லாண்டுகளாகத் தம்முள் போராடி வருகின்றனர். அந்தப் போராட்டத்தின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

சாக்சனி நாட்டு மன்னர்களின் தலைநகராக விளங்கியது டிரெஸ்டன். அரண்மனைகளும் ஓவியக் கூடங்களும் நிறைந்திருந்தமையால் 'எல்பே நதிக்கரையின் பிளாரன்ஸ்' என்று அதனைப் புகழ்ந்தனர். 18ஆம் நூற்றாண்டில் கியோர்க் பேர் என்னும் சிற்பி மணற்கல்லால் எழுப்பிய அன்னை மரியாள் ஆலயத்தின் மாபெரும் குவிமாடம் நகருக்கே முடி சூட்டியது போல நின்றது. இரண்டாம் உலகப் போரின் முதல் ஐந்து ஆண்டுகளில் ஹாம்பர்க், கொலோன் முதலிய நகரங்கள் குண்டு மழையில் அழிந்தன. டிரெஸ்டனோ பெரும்பாலும் தப்பியிருந்தது. இவ்வளவு அழகிய நகரை எவரும் அழிக்கத் துணியார் என்று மக்கள் நம்பினர். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து முன்னேறவே, அவற்றுக்கு அஞ்சிச் சைலீசியா முதலிய பகுதிகளினின்றும் ஓடிவந்த அகதிகள் இந்நகரின் வழியே சென்றுகொண்டிருந்தனர்.

பிப்ரவரி 13ஆம் நாள் இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர் பிரிட்டிஷ் விமானங்களின் முதல் அலை வந்தது. மூன்று மணி நேரம் கழித்து, தீயணைப்போரும் மீட்போரும் தெருவில் இறங்கியிருந்த வேளையில், அதனினும் பெரிய இரண்டாம் அலை வந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 770 விமானங்கள். மறுநாள் நண்பகலில் 300க்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் வந்தன. அதற்கடுத்த நாளும் அவை வந்தன. தனித்தனியே எரிந்த தீ ஒன்றுகூடித் தீப்புயலாய் மாறியது. நிலவறைகளில் பதுங்கியோர் மூச்சுத் திணறி மாண்டனர். அன்னை மரியாள் ஆலயம் இரண்டு நாள் நின்று பார்த்து, 15ஆம் நாள் காலையில் தானே சரிந்து வீழ்ந்தது. புதைக்க ஆளும் நேரமும் இன்மையால் 6,865 உடல்களைப் பழைய சந்தைச் சதுக்கத்தில் இரும்புச் சட்டங்களின்மேல் அடுக்கி எரித்தனர். இறந்தோருள் குழந்தைகளும் தாய்மாரும் முதியோரும் மிகப் பலர். இதை மறுப்பார் எவரும் இலர்.

ஆயின், இந்த நகரின் துன்பம் 1945இல் தொடங்கியதன்று. டிரெஸ்டனின் ஓபரா அரங்கைக் கட்டிய கோட்பிரீட் செம்பர் என்னும் பெருங்கலைஞரே அங்கிருந்த யூதர் தொழுகைக்கூடத்தையும் கட்டினார். அரங்கு பகைவரின் குண்டால் அழிந்தது. தொழுகைக்கூடமோ அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு, உள்ளூர் நாஜிகளால் கொளுத்தப்பட்டது. நகரின் தொழிற்சாலைகளில் போர்க் கருவிகளுக்கான உறுப்புகள் செய்யப்பட்டன. அங்கே வலிந்து வேலை வாங்கப்பட்டோருள் யூதரும் இருந்தனர். படைகள் கிழக்கு முனைக்குச் செல்லும் இருப்புப்பாதைகள் அங்கே சந்தித்தன.

விக்டர் கிளெம்பரர் என்னும் பேராசிரியரின் கதையை இங்கே கூறாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதலிய மொழிகளின் இலக்கியம் கற்பித்தவர் அவர். யூதப் பிறப்பினர் என்பதால் 1935இல் பதவி பறிக்கப்பட்டது. பின்னர் வீடும் பறிக்கப்பட்டது. அவருடைய மனைவி ஏவா யூதர் அல்லர். அவர் கணவரைக் கைவிடாது உடனிருந்ததனாலேயே கிளெம்பரர் அதுகாறும் உயிர் பிழைத்திருந்தார். 1945 பிப்ரவரி 13ஆம் நாள் பகலில் கிளெம்பரருக்கு ஒரு வேலை தரப்பட்டது. நகரில் எஞ்சியிருந்த மிகச் சில யூதர்களுக்கு, 16ஆம் நாள் வெளியூர் அனுப்பப்படுவதற்கு வந்து சேருமாறு பணிக்கும் ஆணைத்தாள்களை வீடுவீடாகக் கொடுக்கும் வேலை அது. அந்த ஆணையின் பொருள் சாவு என்பதை வாங்கியவரும் அறிவர், கொடுத்தவரும் அறிவர். அன்றிரவு குண்டுகள் விழுந்தன. எரியும் நகரின் நடுவே ஏவா ஒரு பேனாக்கத்தியால் கணவரின் மேலங்கியில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அறுத்தெறிந்தார். அடையாளம் நீங்கிய அவர் அகதிகளோடு அகதியாய் நடந்து உயிர் தப்பினார். ஒரே இரவு, பல்லாயிரவர்க்கு அது கூற்றுவன், இவருக்கோ உயிர் தந்த இரவு. அவர் மறைவாக எழுதிக் காத்த நாட்குறிப்புகள் 1995இல் நூலாக வெளிவந்தன.

குண்டு வீசியவர் தரப்பிலும் மனச்சான்று உறங்கிவிடவில்லை. குவெர்னிகா, வார்சா, ராட்டர்டாம், கொவென்ட்ரி ஆகிய ஊர்களின்மேல் முதலில் குண்டு பொழிந்தவர்கள் ஜெர்மானியரே என்பது மெய். எனினும், டிரெஸ்டன் எரிவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1944 பிப்ரவரியில், சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், முழு நகரங்களை அழிப்பது அறமாகுமா என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் எழுந்து கேட்டார். போர்க்காலத்தில் தன் நாட்டு அரசையே இவ்வாறு கேட்கத் துணிவு வேண்டும். 1992இல் குண்டுவீச்சுப் படைத்தலைவர் ஆர்தர் ஹாரிசுக்கு இலண்டனில் சிலை திறந்தபோதும் அங்கே எதிர்ப்புக் குரல் எழுந்தது.

இனி, இறந்தோரின் தொகைக்கு வருவோம். டிரெஸ்டன் காவல்துறையினர் 1945 மார்ச்சில் எழுதிய அறிக்கையில், அதுவரை கண்டெடுத்த உடல்கள் 20,204 என்று குறித்தனர். இந்த எண்ணின் கடைசியில் யாரோ ஒரு பூச்சியத்தைச் சேர்த்தனர். அது 2,02,040 ஆயிற்று. கோயபல்சின் பிரசார அமைச்சகம் இரண்டு இலட்சம் என்னும் கணக்கை நடுநிலை நாட்டுப் பத்திரிகைகளில் பரப்பியது. அமைச்சர் மாண்டார், ஆட்சி மாண்டது, அந்தப் பூச்சியம் மட்டும் மாளவில்லை. 1963இல் டேவிட் இர்விங் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் 1,35,000 என்றது. உண்மை அறிக்கை கிடைத்தபின், 1966இல் அவரே இலண்டன் 'டைம்ஸ்' இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத நேர்ந்தது. ஆனால் நூலை வாங்கியவர்கள் கடிதத்தைப் படித்தார்களா? டிரெஸ்டனில் போர்க்கைதியாய் ஓர் இறைச்சிக் கூடத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் 1969ஆம் ஆண்டு நாவலிலும் 1,35,000 என்பதே இடம்பெற்றது.

யானும் இந்தப் பிழைக்குத் தப்பியவன் அல்லன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், பழைய வழிகாட்டி நூல் ஒன்றை நம்பி, இதே எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டனர். பல்லாண்டு கழித்து உண்மை தெரிந்தபின் வேறொரு வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் அது அவ்வளவு பெரிய கொடுமை இல்லையா, ஐயா?" என்று கேட்டான். எங்கள் பள்ளியில் அப்போது 800 மாணவர் படித்தனர். இருபத்தையாயிரம் என்றால் நம் பள்ளியைப் போன்ற முப்பத்தொரு பள்ளிகள், ஒருவர் மிச்சமின்றி, என்று கணக்கிட்டுக் காட்டினேன். அவன் அமர்ந்துவிட்டான். என் முந்தைய மாணவர்களின் ஏடுகளில் அந்தப் பழைய எண் இன்னும் இருக்கக்கூடும்.

போருக்குப் பின் டிரெஸ்டன் கம்யூனிஸ்டு ஆட்சியின்கீழ் வந்தது. அவ்வாட்சியினர் பிப்ரவரி 13ஐ ஆங்கிலேய, அமெரிக்க வல்லரசுகளைச் சாடும் நாளாக்கிக் கொண்டனர். நகருக்கு வெளியே, இறந்தோரின் சாம்பல் புதைத்த ஹைடே இடுகாட்டில், பதினான்கு தூண்களை வட்டமாய் நிறுத்தினர். ஏழு தூண்களில் ஆஷ்விட்ஸ் முதலிய வதைமுகாம்களின் பெயர்கள். ஏழு தூண்களில் கொவென்ட்ரி, லெனின்கிராடு, வார்சா முதலிய ஊர்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று டிரெஸ்டன். கொன்றவனின் நகரையும் கொல்லப்பட்டவனின் முகாமையும் ஒரே வட்டத்தில் நிறுத்தலாமா என்று பிற்காலத்தில் கேட்டனர். என் கருத்தில் இது நேர்மையான வினாவே. 1982 பிப்ரவரி 13ஆம் நாள் இளைஞர்கள் அரசின் அழைப்பின்றியே இடிந்த அன்னை மரியாள் ஆலயத்தின்முன் மெழுகுவத்தி ஏந்திக் கூடினர். அன்று சிலுவை ஆலயத்தில் நிகழ்ந்த அமைதிக் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வந்தனர். அரசின் கையிலிருந்த நினைவு நாள் அன்று முதன்முறையாக மக்கள் கைக்கு வந்தது.

1990இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. சில ஆண்டுகளில் அந்த நாளுக்கு வேறு உரிமையாளர் தோன்றினர். ஹிட்லரின் கொள்கையைப் போற்றும் புதிய நாஜிகள் தீப்பந்தமும் கறுப்புக் கொடியும் ஏந்தித் 'துயர ஊர்வலம்' நடத்தத் தொடங்கினர். 2005 ஜனவரியில் சாக்சனி சட்டமன்றம் நாஜி ஆட்சியில் மாண்டோருக்கு மௌன வணக்கம் செலுத்தியபோது, தேசிய ஜனநாயகக் கட்சி என்னும் தீவிர வலதுசாரிக் கட்சியின் உறுப்பினர் வெளிநடப்புச் செய்தனர். அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டதைக் குறிக்கும் 'ஹோலோகாஸ்ட்' என்னும் சொல்லையே எடுத்து, டிரெஸ்டனில் நடந்தது 'குண்டு ஹோலோகாஸ்ட்' என்று அவையில் முழங்கினர். கொடுமையைச் செய்தவரின் வாரிசுகள் கொடுமைக்கு உள்ளானவரின் சொல்லையும் பறித்துக்கொண்டனர். 2009இல் ஆறாயிரம் பேருக்கு மேல் ஊர்வலத்தில் சென்றனர். ஐரோப்பாவில் அத்தகையோர் கூடும் மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்றாய் அது வளர்ந்துவிட்டது.

இதற்கிடையில் நகராட்சி ஒரு நற்செயல் செய்தது. 2004இல் வரலாற்றறிஞர் குழு ஒன்றை அமைத்து, இறந்தோர் எத்தனை பேர் எனக் கண்டறியுமாறு பணித்தது. அவர்கள் இடுகாட்டுப் பதிவேடுகளையும் பிறப்பு இறப்புப் பதிவகங்களின் ஏடுகளையும் ஒப்புநோக்கினர். உடல்கள் எச்சமின்றி எரிந்து போயின என்னும் கூற்றைச் சோதிக்கப் பழைய நகரின் நிலவறைகளில் அகழ்வாய்வுச் சான்றுகளைத் தேடினர். தாழப் பறந்த விமானங்கள் ஓடிய மக்களைச் சுட்டன என்னும் கதையைச் சோதிக்க ஆற்றோரப் புல்வெளிகளில் குண்டுகளைத் தேடினர். இரண்டுக்கும் சான்று கிட்டவில்லை. 2010இல் வெளிவந்த அறிக்கை, இறந்தோர் 18,000க்குக் குறையார், 25,000க்கு மிகார் என்றது. காவலர் எழுதிய பழைய கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

அதே 2010இன் பிப்ரவரி 13ஆம் நாள் பனி மூடிய குளிரில் நகர மக்கள் இரு விதமாய் எழுந்தனர். ஆற்றின் ஒரு கரையில் மேயர் முன்னின்றழைக்க, பத்தாயிரம் பேர் அளவில் கைகோத்துப் பழைய நகரைச் சுற்றி மனிதச் சங்கிலி அமைத்தனர். மறுகரையில், 'நாஜிகளற்ற டிரெஸ்டன்' என்னும் கூட்டணியின் அழைப்பை ஏற்று வந்த பல்லாயிரவர், புதிய நாஜிகள் வந்திறங்கிய நாய்ஸ்டாட் இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் அமர்ந்தனர். தொழிற்சங்கத்தார், மாணவர், சமயத்தார், இடதுசாரியர் எனப் பல திறத்தார் அவர்கள். சில வாரங்களுக்கு முன்பே அவர்களுடைய சுவரொட்டிகளைக் காவல்துறை கைப்பற்றியிருந்தது. அதனாலேயே கூட்டம் பெருகிற்று என்பாரும் உளர். காவலரால் அந்த மறியலைக் கலைக்க இயலவில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நாஜிகள் நிலையத்தின்முன் மணிக்கணக்காய் நின்றுவிட்டு, ஊர்வலமின்றியே இரயிலேறித் திரும்பினர்.

இது சரியா என்று நீங்கள் கேட்கலாம்; சட்டம் பயிலும் மாணவர் கட்டாயம் கேட்க வேண்டும். அமைதியாகக் கூடும் உரிமையை ஜெர்மானிய அரசியலமைப்பு ஜெர்மானியர் எல்லார்க்கும் வழங்குகிறது. நமக்கு உவப்பில்லாத கருத்துடையார்க்கும் அது உண்டு. அனுமதி பெற்ற ஊர்வலத்தை வழிமறிப்பது குற்றமே என்று அரசு வழக்கறிஞர்கள் வாதிட்டனர். சாலையில் அமர்ந்தவர்களோ, இந்த ஊர்வலம் ஒருநாள் கருத்து அன்று, ஒரு நகரின் நினைவையே கவர்ந்து செல்லும் முயற்சி என்றனர். 2011 பிப்ரவரி 19ஆம் நாள் இருபதினாயிரம் பேர் மறித்தபோது கைகலப்பும் கல்லெறியும் நேர்ந்தன. கல்லெறிந்தோரை யான் ஏற்கேன். ஆனால் அன்று காவல்துறை, அப்பகுதியில் இருந்த எண்ணற்ற பொதுமக்களின் கைப்பேசித் தொடர்பு விவரங்களை மொத்தமாய்த் திரட்டியது. குற்றம் செய்யாதார் யார், செய்தார் யார் என்ற வேறுபாடே அதில் இல்லை. 2013இல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் எனத் தீர்த்தது. மறியலில் கலந்துகொண்ட பாதிரியார் ஒருவர்மீது நடந்த வழக்கு 2014இல் தீர்ப்பின்றியே முடிக்கப்பட்டது. தமக்கு உவப்பில்லாதவரின் உரிமையைத் தடுக்கும் உரிமை குடிமக்களுக்கு எந்த எல்லைவரை உண்டு? நாற்பதாண்டு வரலாறு கற்பித்தும் இதற்கு ஒரே சொல்லில் விடை கூற எனக்குத் தெரியவில்லை. ஆயினும், அன்று யான் டிரெஸ்டனில் இருந்திருந்தால் அந்தப் பனியில் போய் அமர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

பின்னாளில் ஊர்வலங்கள் சுருங்கின, முற்றும் நின்றுவிடவில்லை. மனிதச் சங்கிலி ஆண்டுதோறும் நிகழ்கிறது. நாஜி எதிர்ப்பாளர்கள் 2011 முதல் அதே நாளில் மற்றொரு நடைப்பயணமும் மேற்கொண்டனர். நகரில் நாஜி ஆட்சியின் அலுவலகங்கள் எங்கே இருந்தன, கொடுமைகள் எந்தெந்தத் தெருவில் நடந்தன என்று ஒவ்வோரிடத்திலும் நின்று எடுத்துரைக்கும் நடை அது. செம்பர் கட்டிய தொழுகைக்கூடம் இருந்த இடத்தருகே புதிய தொழுகைக்கூடம் 2001 நவம்பர் 9ஆம் நாள் திறக்கப்பட்டது.

இடிபாடாகவே கிடந்த அன்னை மரியாள் ஆலயமும் மீண்டும் எழுப்பப்பட்டு, 2005 அக்டோபர் 30ஆம் நாள் வழிபாட்டுக்குத் திறந்தது. அதன் உச்சியிலுள்ள பொற்சிலுவையை இலண்டன் பொற்கொல்லர் ஒருவர் செய்தார். அவருடைய தந்தையார் டிரெஸ்டனின்மேல் குண்டு வீசிய விமானம் ஒன்றின் ஓட்டி. இடிபாட்டினின்றும் பொறுக்கியெடுத்த பழைய கற்களையும் சுவரில் வைத்துக் கட்டியிருக்கின்றனர். வெளிறிய புதுக் கற்களுக்கிடையே அவை கரியனவாய், சதுரம் சதுரமாய்த் தெரிகின்றன. எல்பே மணற்கல் காலப்போக்கில் தானே கறுக்கும் இயல்புடையது. புதியது எது, பழையது எது என்று பிரித்தறிய முடியாமற் போவதற்கு இன்னும் பல்லாண்டுகள் ஆகும்.