வெற்றித் தேவியின் பலிபீடம்: கி.பி. 384ஆம் ஆண்டின் விண்ணப்பமும் மறுப்பும்

கி.பி. 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் மிலான் நகரில் சந்தித்து, உரோமப் பேரரசில் எவரும் தாம் விரும்பும் தெய்வத்தைத் தடையின்றி வழிபடலாம் என உடன்பட்டனர். கிறித்தவர்க்கு அது விடுதலை. 71 ஆண்டுகள் கழித்து, அதே மிலானில் இருந்த அரசவைக்கு மற்றொரு மன்றாட்டு வந்தது. இம்முறை மன்றாடியோர் பழைய தெய்வங்களை வணங்கியோர். அவர்களைச் சுட்டும் 'பேகன்' என்னும் பெயர் கிறித்தவர் இட்டது. அதற்கு ஈடாகத் தமிழில் எழுதப்படும் 'புறச்சமயத்தார்' என்பதும், சைவ மரபில் உள்ளிருப்போர் வெளியிலிருப்போரைக் குறித்த சொல்லே. ஆதலின் இங்குப் 'பழஞ்சமயத்தார்' என்பதே ஆளப்படுகிறது.

உரோம் மூதவை மண்டபத்தில் அகஸ்டஸ் கி.மு. 29இல் வெற்றித் தேவியின் சிலையை நிறுவினான். அதன் பலிபீடத்தில் மூதவையினர் நறும்புகை இட்டுவந்தனர். இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் 357இல் பீடத்தை அகற்றினான். பின்னர் அது மீண்டும் வைக்கப்பட்டது. 382இல் கிராத்தியன் மறுபடியும் அகற்றினான். அவன் அதனோடு நிற்கவில்லை. வெஸ்டா கன்னியர்க்கும் பூசகர்க்கும் அரசு அளித்த மானியங்களையும் நிறுத்தினான். பூசலின் உயிர்நிலை இதுவே. பழஞ்சமயம் தனியொருவரின் நம்பிக்கை மட்டுமன்று. அரசு தன் நலம் வேண்டித் தன் செலவில் இயற்றிய சடங்கு. வீட்டில் தூபமிடுவதை அப்போது எவரும் தடுக்கவில்லை. ஆயினும் அரசு பொருள் தராவிடின் அச்சடங்கு அரசின் சடங்காக இராது.

383இல் கிராத்தியன் கொல்லப்பட்டான். மறு ஆண்டு, உரோம் நகர ஆளுநராயிருந்த சிம்மாகஸ், சிறுவனான பேரரசன் இரண்டாம் வலந்தீனியனுக்கு மூதவையின் சார்பில் விண்ணப்பம் எழுதினார். வானமும் விண்மீன்களும் யாவர்க்கும் பொது; அத்துணைப் பெரிய மறைபொருளை ஒரே வழியில் சென்று அடைதல் இயலாது என்பது அவர் வாதம். அண்மையில் நேர்ந்த பஞ்சத்துக்கு மானியத் தடையே காரணம் என்றும் அவர் சுட்டத் தவறவில்லை.

மிலான் ஆயர் அம்புரோசு இருமுறை எழுதினார். விண்ணப்பத்தை ஏற்றால் மன்னன் திருக்கோவிலுக்கு வரலாம், ஆனால் அவனை வரவேற்கக் குருக்கள் இரார் என எச்சரித்தார். கிறித்தவம் வறுமையிலும் குருதியிலும் வளர்ந்தது. பழஞ்சமயமோ மானியம் இன்றி நிற்க இயலாதது என்றும் இடித்துரைத்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. (இதே ஆண்டில்தான் சிம்மாகஸ் அகுஸ்தீனை மிலானின் சொற்கலை ஆசிரியப் பணிக்குத் தேர்ந்தனுப்பினார், 387இல் அவருக்குத் திருமுழுக்களித்தவர் அம்புரோசு.)

சிம்மாகஸைச் சமயப் பொறையின் தூதராகவே போற்றுவது இக்கால வழக்கு. அது பாதி உண்மை. கற்புநெறி வழுவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வெஸ்டா கன்னி ஒருத்திக்கு மூதாதையர் வழக்கப்படியே தண்டனை தரவேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அத்தண்டனை உயிரோடு புதைத்தல். வழிபாட்டில் வற்புறுத்தல் கூடாது என்னும் கருத்தும் அவருக்கே உரியதன்று. கார்த்தேஜ் நகரக் கிறித்தவரான தெர்த்தூலியன் கி.பி. 212 அளவிலேயே, துன்புறுத்திய ஆளுநனுக்கு அதனை எழுதியிருந்தார். அவர் காலத்தில் கிறித்தவர் எளியோர். சிம்மாகஸ் காலத்தில் பழஞ்சமயத்தார் எளியோர். வாதம் ஒன்றே, அதனைச் சொல்லும் வாய்தான் மாறியது.

வலியோர் பக்கம் நின்ற அம்புரோசு எதுவரை செல்வார் என்பது 388இல் தெரிந்தது. யூப்ரடீஸ் ஆற்றங்கரைக் கல்லினிக்கத்தில் யூதர் தொழுகைக்கூடம் ஒன்றைக் கிறித்தவர் எரித்தனர். ஊர் ஆயரே அதனைக் கட்டித்தர வேண்டும் எனத் தியோடோசியஸ் ஆணையிட்டான். அம்புரோசு மிலான் கோவிலில் பேரரசனை எதிர்நின்று, ஆணையைக் கைவிடும்வரை வழிபாட்டைத் தொடங்க மறுத்தார். பேரரசன் பணிந்தான்.

பலியிடலையும் கோயில் நுழைவையும் தடைசெய்யும் ஆணை 391 பிப்ரவரி 24 அன்று மிலானிலிருந்து வெளிவந்தது. அவ்வாண்டின் இரு கான்சல்களுள் ஒருவர் சிம்மாகஸ்.