'தொன்றுதொட்டு' என்றால் எந்த ஆண்டிலிருந்து?



இது நினைவுச் சொற்பொழிவு. ஆகவே நினைவைப் பற்றியே பேசுகிறேன். ஆங்கிலச் சட்டத்தில் 'மனிதர் நினைவுக்கு எட்டாத காலம் முதல்' என்றொரு பழைய தொடர் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அதுவே 'தொன்றுதொட்டு', 'மாமூலாக'. நம் முன்னோரைக் கோயில் வாசலிலும் குளக்கரையிலும் தடுத்து நிறுத்த நீதிமன்றங்களில் எடுத்துவரப்பட்ட தொடர் இது. ஒருமுறை அது தோற்றும் போனது.

கேட்பதற்கு எல்லையில்லாத காலம் போலத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் அதற்குத் தேதி இருந்தது. 1275இல் இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், நில உரிமை வழக்குகளில் முதலாம் ரிச்சர்டு முடிசூடிய 1189க்கு முன்னே போகக்கூடாது என்றது. அன்று அது 86 ஆண்டு இடைவெளிதான். 'என் அப்பா கண்டதாகச் சொன்னார்' என்று ஒருவர் சாட்சி சொல்லக்கூடிய தூரம். பிறகு அந்தத் தேதியை யாரும் நகர்த்தவில்லை. நூற்றாண்டுகள் போயின, 1189 மட்டும் அப்படியே நின்றது. அவ்வளவு பின்னே போய் யார் சாட்சி சொல்வது? எனவே நீதிபதிகள் ஒரு வழி கண்டார்கள்: உயிரோடிருப்பவர் நினைவுக்கு எட்டியவரை ஒன்று நடந்துவந்திருந்தால், அது 1189 முதல் நடந்ததாகவே கொள்ளலாம், இல்லை என்பவர் அதை மறுத்துக் காட்டட்டும். கூடவே வழக்கம் தெளிவாக இருக்க வேண்டும், இடைவிடாமல் இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள்.

இந்தியாவுக்கு வந்தபோது 1189 கூட வரவில்லை. பழமையும் தெளிவும் நியாயமும் வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. அதைக் கையில் எடுத்தவர்கள் யார்?

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரையில் 1899இலும், சென்னை உயர்நீதிமன்றத்தில் 1901இலும், லண்டன் பிரிவி கவுன்சிலில் 1908இலும் நாடார்கள் தோற்றார்கள். விலக்கிவைத்த வழக்கமே விலக்குவதற்கான உரிமையாக நின்றது.

இரண்டாவது வழக்கு மகாராஷ்டிரத்து மகத் ஊரில். அங்குள்ள சவுதார் குளம் நகராட்சிக்குச் சொந்தம். 1924இலேயே அதை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்த நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் அம்பேத்கர் மீது வழக்கு வந்தது. குளம் எங்களுடையது, தீண்டப்படாதாரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்பது வாதம்.

பத்தாண்டு நடந்த வழக்கில் 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தொன்றுதொட்ட வழக்கம் என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை. நம் ஆட்கள் அங்கே நீர் எடுத்ததில்லை என்று காட்டுவது வேறு, எடுக்கக்கூடாது என்ற உரிமை தங்களுக்கு இருந்தது என்று காட்டுவது வேறு. அச்சத்தால் ஒதுங்கி நின்றதை வழக்கம் என்று எழுதிக்கொள்ள முடியாது. தீர்ப்பை இப்படித்தான் நான் வாசிக்கிறேன்.

ஆனால் முழுவதும் மகிழ வேண்டாம். வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால்தான் அது நியாயமா, பொதுநலனுக்கு ஒத்ததா என்ற கேள்வி எழுந்திருக்கும் என்று நீதிமன்றம் அதைத் தொடாமல் விட்டது. அந்தக் கேள்விக்கு 1950இல் அரசமைப்புச் சட்டம் பதில் சொன்னது. சட்டத்தின் வலுவுள்ள வழக்கமும் அடிப்படை உரிமைக்கு எதிரானால் செல்லாது என்கிறது 13ஆம் பிரிவு. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இனி எத்தனை நூற்றாண்டுப் பழமையைக் காட்டினாலும் விலக்கும் உரிமை பிறக்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே சத்தியாகிரகம் வேண்டியிருந்தது. மகத் தீர்ப்புக்கு நான்கு மாதம் முன்புதான், 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச விளம்பரம் செய்தார். 'மாற்றவே முடியாது' என்ற மாமூல் ஒரு கையெழுத்தில் மாறியது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் அய்யன்காளியின் வில்வண்டி முதல் வைக்கம் வரை முப்பதாண்டுக்கும் மேலான போராட்டம் இருந்தது.

நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு என்று எண்ணிச் சொன்னார்கள். கோயிலின் காலத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வாசலில் எந்த ஆண்டு முதல் யார் யாரை நிறுத்தினார்கள் என்று கேட்டால் மட்டும் 'அது காலகாலமாக' என்று பதில் வரும்.

சட்டம் 'மனிதர் நினைவு' என்றபோது யாருடைய நினைவைக் கேட்டது? கரையில் நின்றவரிடம் அது கேட்கவில்லை. அவர் நினைவு அவரோடே போயிற்று. ஆகவே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தெருவில் நடக்கவிடவில்லை, எந்தக் கிணற்றில் விலக்கினார்கள், முதலில் யார் மீறினார்கள் என்று கேட்டு, ஆண்டோடு எழுதி வையுங்கள். நாளை ஒருவன் 'தொன்றுதொட்டு' என்று தொடங்கும்போது 'எந்த ஆண்டிலிருந்து?' என்று கேட்க நம் பிள்ளைகளிடம் ஏடு இருக்கட்டும்.