மிக்கேல் அங்கர்

மிக்கேல் பீட்டர் அங்கர் (சூன் 9, 1849 – செப்டம்பர் 19, 1927) டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். யூட்லாந்து தீபகற்பத்தின் வட முனையில் அமைந்துள்ள ஸ்காகன் என்னும் ஊரின் மீனவர்களைத் தம் ஓவியங்களின் முதன்மைப் பொருளாகக் கொண்டவர். ஸ்காகன் ஓவியர்கள் எனப்படும் குழுவின் முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

அங்கர் பால்டிக் கடலில் உள்ள போர்ன்ஹோல்ம் தீவில் பிறந்தார். குடும்பத்தின் பொருள் நெருக்கடியால் இவரது பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. 1871 முதல் 1875 வரை கோபனாவனில் உள்ள அரச நுண்கலைக் கழகத்தில் பயின்றார். எனினும் பட்டம் பெறாமலே வெளியேறினார். உடன் பயின்ற கார்ல் மாட்சனின் அழைப்பின்பேரில் 1874இல் முதன்முதலாக ஸ்காகன் சென்ற இவர், பின்னர் அங்கேயே நிலையாகத் தங்கினார். 1880இல் அவ்வூர் விடுதி உரிமையாளரின் மகளும் ஓவியருமான அன்னா புரோண்டமை மணந்தார். இவர்களின் மகள் எல்கா 1883இல் பிறந்தார்.

ஊரும் தொழிலும்

ஸ்காகெராக், கட்டெகாட் ஆகிய இரு கடல்கள் ஸ்காகனுக்கு அருகே சந்திக்கின்றன. மணல்திட்டுகளும் புயலும் நிறைந்த இப்பகுதியில் கப்பல்கள் அடிக்கடி தரைதட்டின. 1907 வரை இங்கு துறைமுகம் இருக்கவில்லை. மீனவர்கள் படகுகளைக் கடற்கரை மணலில் இழுத்து ஏற்றினர். கரையில் நின்று வலை இழுத்தும் மீன் பிடித்தனர். விபத்துக்குள்ளான கப்பல்களில் இருந்தோரை மீட்கச் சென்றவர்களும் இம்மீனவர்களே. 1862இல் தாஃப்னே என்ற சுவீடியக் கப்பலில் இருந்தோரை மீட்க முயன்றபோது ஸ்காகனைச் சேர்ந்த 8 பேர் உயிரிழந்தனர்.

முக்கிய ஓவியங்கள்

- "முனையைக் கடந்துவிடுவானா?" (1879): கரையில் கூடி நிற்கும் மீனவர்கள் கடலை நோக்குகின்றனர். அவர்கள் பார்க்கும் படகு ஓவியத்தில் இல்லை. ஆபத்தின் அளவை அவர்களின் முகங்களே உணர்த்துகின்றன. இவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்த இவ்வோவியத்தை மன்னர் ஒன்பதாம் கிறித்தியான் வாங்கினார்.
- "மணற்குன்றுகளூடே உயிர்காப்புப் படகு" (1883): பனிக்காலத்தில் உயிர்காப்புப் படகைக் கடலை நோக்கிக் கொண்டுசெல்லும் காட்சி. தொலைவில் துயருற்ற கப்பல் ஒன்று சிறிதாகத் தெரிகிறது.
- "மூழ்கி இறந்தவர்" (1896): பலரைக் கடலிலிருந்து மீட்டுப் புகழ்பெற்ற மீனவர் லார்ஸ் குருசே 1894இல் கடலிலேயே இறந்தார். அவரது உடலைச் சுற்றி ஊரார் நிற்பதை இவ்வோவியம் காட்டுகிறது.

கலைப்பாணி

அங்கர் உண்மையான மீனவர்களையே மாதிரிகளாக அமர்த்தி வரைந்தார். எண்ணெய்த்துணி மேலாடை, கனத்த காலணி, காற்றில் காய்த்த முகம் ஆகியவற்றை நுணுக்கமாகத் தீட்டினார். அதேவேளை, அன்றாட உழைப்பைக் காட்டிலும் காத்திருப்பு, மீட்பு, சாவு போன்ற நெருக்கடித் தருணங்களையே தம் பெரிய ஓவியங்களுக்குத் தேர்ந்தெடுத்தார். முன்னர் வரலாற்று ஓவியங்களில் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் அளிக்கப்பட்ட பேருருவை அவர் உழைப்பாளிகளுக்கு அளித்தார். இதனால் அவர்களின் வறுமை பின்னுக்குத் தள்ளப்பட்டு வீரம் மட்டுமே மேலோங்குகிறது என்றும் கருத இடமுண்டு. இவருடைய மனைவி அன்னாவோ, ஊர்ப் பெண்களையும் வீட்டின் உள்ளறைகளையும் அமைதியான ஒளியில் வரைந்தார். இருவரின் ஓவியங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அவ்வூர் வாழ்வின் முழுமையான தோற்றம் கிடைக்கிறது.

நினைவு

1908இல் ஸ்காகன் அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தவர்களுள் அங்கரும் ஒருவர். இத்தம்பதியர் 1884 முதல் வாழ்ந்த வீடு, 1967இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இவர்கள் இருவரின் உருவங்களும் டென்மார்க்கின் 1000 குரோனர் பணத்தாளில் இடம்பெற்றிருந்தன. அத்தாள் 2025 மே இறுதியுடன் செல்லாததாகியது.